கழுவிய மணல்

எங்கள் பட்டறை ஜன்னலில் நான்கு கண்ணாடி பாட்டில்கள் இருக்கின்றன. ஊறுகாய் தீர்ந்த பாட்டில்கள். ஒன்றில் கறுப்பாக, நுணுக்கிய கண்ணாடித் தூள் மாதிரி கூர்கூராக ஒரு பொடி. அது காப்பர் ஸ்லாக். அடுத்ததில் மங்கிய சிவப்பில் கார்னெட். மூன்றாவதில் கடுகளவு இரும்புக் குண்டுகள். நான்காவதில் வெள்ளைக் கண்ணாடி மணிகள், பார்த்தால் சர்க்கரை என்றே தோன்றும். ஒருமுறை ஒரு டிராக்டர்காரர் டீயில் சர்க்கரை குறைவு என்று அந்தப் பாட்டிலைத் திறந்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் டம்ளரைக் கீழே போட்டார். அதற்குப் பிறகு அந்த மூடிக்கு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

இரும்புக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பழைய பெயின்டையும் துருவையும் உரித்தெடுக்க வேண்டும். காற்றோடு இந்தப் பொடிகளில் ஒன்றைச் சேர்த்து வேகமாகப் பீய்ச்சினால் அது நடக்கும். பிளாஸ்டிங் என்போம். எதை எதற்குப் போடுவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. தடித்த தகடு, பல வருடத் துரு என்றால் ஸ்லாக். மெல்லிய தகடு என்றால் சன்னமான கார்னெட். படகு எஞ்சினின் அலுமினியக் கூட்டுக்குக் கண்ணாடி மணி. இரும்புக் குண்டுக்கு நாலு பக்கமும் மூடிய அறை வேண்டும், எங்களிடம் இல்லை, அந்தப் பாட்டில் சும்மா ஒரு கெத்துக்கு.

என் கணவர் எடுத்தவுடன் பொடியின் பெயரைச் சொல்ல மாட்டார். இரும்பைத் தட்டுவார், நகத்தால் சுரண்டுவார், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இதுல கால்வாசி நேரங்கூட பாக்கல" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிக் காட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே தடவிக்கொண்டிருப்பார். எனக்கு வாய் அதிகம், அவருக்குப் பொறுமை அதிகம், பட்டறை அப்படித்தான் ஓடுகிறது.

மணலுக்குப் பாட்டில் கிடையாது. எங்கள் பட்டறைக்குள் பிளாஸ்டிங்குக்கு மணல் வரக் கூடாது. அதை வரவிடாமல் பார்த்துக்கொண்ட நானே ஒருமுறை மூன்று நாள் உட்கார்ந்து மணல் கழுவினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒரு குப்பத்தில் பிறந்தவள். அவர் திருப்பாலைவனம் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பம். இரண்டையும் சேர்த்து வைத்தது என் அண்ணன். ஒரு காலத்தில் ஏரியில் மீன்பாடு சரியில்லாமல் போனபோது, அண்ணன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு சென்னைக்கு வடக்கே ஒரு சின்ன கான்ட்ராக்டரின் ஷெட்டுக்கு வேலைக்குப் போனான். பழைய தண்ணீர்த் தொட்டிகளையும் குழாய்களையும் மணலால் அடித்துச் சுத்தம் செய்யும் வேலை. பதினோரு பேர். முகத்துக்கு ஈரத் துண்டு, கண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. அந்தப் பதினோரு பேரில் ஒருவர்தான் பிறகு என் கணவர் ஆனார்.

நாலு வருடம் கழித்து அண்ணன் மறுபடி படகுக்கே திரும்பிவிட்டான். வரும்போது சம்பாதித்து வந்தது ஒரு டிவியும் ஒரு மைத்துனனும் என்று அண்ணி சொல்வாள். குப்பத்தில் அவருக்கு 'வயக்காட்டு மாப்ளே' என்று பெயர். படகில் ஏறினால் இரண்டு பக்க விளிம்பையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார், அதைப் பார்க்கவென்றே நாலு பேர் கரையில் நிற்பார்கள். கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியும் பந்தியில் அவருக்கு மீன் முள் எடுத்துத் தர ஆள் வரும், கிண்டலுக்கு. அவர் எல்லாவற்றுக்கும் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் "எப்பமே நம்மள ஒரு ஆளா மதிப்பாங்க?" என்று கேட்பார்.

பிறகு ஒரு பெரிய கப்பல் யார்டில் ஒப்பந்த வேலை பார்த்தார். அங்கே கேட்டுக்குள்ளேயே மணலை விட மாட்டார்கள். தலையை முழுக்க மூடும் தொப்பி, அதற்குள் தனியாகச் சுத்தமான காற்று. ஏன் என்று அங்கேதான் முதன்முதலில் அவருக்குச் சொன்னார்கள். மணல் இரும்பில் பட்டு உடையும்போது வருகிற தூள் கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது என்று. அதற்குள் அவர் நெஞ்சுக்குள் நாலு வருட மணல் போயிருந்தது.

நாங்கள் சொந்தமாகப் பட்டறை போட்ட மறு வருடம் ஒரு மூட்டை தூக்கினால் அவருக்கு இரைக்க ஆரம்பித்தது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நுரையீரலில் மணல்தூள் படிந்து வடுவாகியிருக்கிறது, மருந்தால் கரையாது, இனிமேல் தூசியே ஆகாது என்றார் டாக்டர். வேலையை விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். விடவில்லை. கார்னெட்டும் ஸ்லாக்கும் மட்டும், தொப்பி இல்லாமல் பொடி பீய்ச்சும் நாசிலைத் தொடுவதில்லை என்று எனக்கு ஒரு பேரம் பேசினார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு?

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "ஊருக்குத் தெரியக் கூடாதுமே. இத்தினி நாளு வயக்காட்டு மாப்ளே. இனிமே சீக்காளி மாப்ளேன்னு கூப்புடுவாங்க. எனக்கு அது வேணாம்."

நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இரண்டு வருடம் காப்பாற்றினேன். ஏன் இரைக்கிறது என்று கேட்டவர்களிடம் சளி என்றேன், தொந்தி என்றேன். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் அம்மன் கோவில் சூலத்தின் வேலை வந்தது.

எங்கள் குப்பத்து அம்மன் கடலைப் பார்த்து நிற்பவள். அவளுக்கு முன்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சூலம், சுற்றி ஒரு கம்பி வேலி. ஒவ்வொரு ஆடிக்கும் துருவின் மேலேயே பெயின்ட் அடித்து அடித்து, சூலம் பெருத்துப் போய்க் கிடந்தது. கையால் அழுத்தினால் பெயின்ட் அப்பளம் போல உடையும், உள்ளே சிவப்புப் பொடி கொட்டும். இந்த ஆடிக்கு ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தார்கள். ஊர்த் தலைவர் என் கணவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாப்ளே, ஆத்தா சூலத்த நீதான் செய்யணும். வெளியாளு கை படக் கூடாது."

அந்த ஒரு வார்த்தைக்கு என் கணவரின் கண் கலங்கியதை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெளியாள் கை படக் கூடாது என்று சொல்லி அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அவர் வெளியாள் இல்லை. அவருக்கு வேறு எதுவும் காதில் விழுந்திருக்காது.

வழக்கம்போல எழுந்து போய்ச் சூலத்தைத் தட்டினார், சுரண்டினார், தடவினார். தடித்த இரும்பு, ஆழத் துரு, ஸ்லாக் போட்டால் நன்றாக எடுக்கும் என்றார். ஸ்லாக் என்றால் என்ன என்று தலைவர் கேட்டார். இவர் பேசாமல் ஒரு கறுப்புப் பொடி என்று சொல்லியிருக்கலாம். எதையும் விளக்கிச் சொல்லாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காதே.

"செம்பு உருக்கி எடுத்த அப்பால உலையில மிஞ்சற கசடு நைனா."

"கசடா? கசடயா ஆத்தா மேல அடிக்கப் போற?"

கூட்டம் முழுக்க முணுமுணுத்தது. என் கணவர் அவசரமாகக் கார்னெட்டுக்குத் தாவினார். "அப்ப கார்னெட் போட்டுக்கலாம் நைனா. அதுவும் கடலோரத்து மண்ணுதான், தெக்கால இருந்து வருது."

"மண்ணுதானே? அப்ப நம்ம மண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு? ஆத்தா நிக்கறதே இதுலதானே?"

எங்கள் ஊரில் அம்மன் வேலைக்கு யாரும் கூலி வாங்க மாட்டார்கள், பொருளும் கூடுமானவரை ஊர்ப்பொருளாக இருக்க வேண்டும். பந்தலுக்கு ஊர்ச் சவுக்கு, தோரணத்துக்கு ஊர்த் தென்னை. பெயின்ட் மட்டும் மீஞ்சூரிலிருந்து வரும். அதை எந்த அலையில் பிடித்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் ஊறியது, அம்மன் காரியம் என்று அடக்கிக்கொண்டேன்.

என் அண்ணன் வேறு உற்சாகமாக எழுந்து நின்றான். "ஆமா மச்சான். அந்த ஷெட்டுல நாம மண்ணுலதானே அடிச்சோம். எத்தினி டேங்கு அடிச்சிருப்போம்! பளபளன்னு வருமே."

என் கணவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு உப்பைப் பிடித்துக்கொண்டார். "நம்ம மண்ணுல உப்பு கீது நைனா. அதால அடிச்சா இரும்பு மேல கண்ணுக்குத் தெரியாம உப்பு ஒட்டிக்கும். மேல எத்தினி கோட்டு அடிச்சாலும், மழைக்குள்ள உள்ளேந்து துரு கெளம்பி கொப்புளம் கொப்புளமா வந்துடும்."

அது பொய்யில்லை. கடல் மணலால் அடித்த இரும்பு மறுநாள் காலையிலேயே மஞ்சள் பூத்து நிற்கும். தன் நெஞ்சைப் பற்றிச் சொல்லாமல் மணலைத் தட்டிக்கழிக்க நல்ல வழி கண்டுபிடித்துவிட்டாரே என்று நான்கூட மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். இரும்பின் நோயைச் சொல்லித் தன் நோயை மறைத்துவிட்டார்.

தலைவர் தாடையைச் சொறிந்தார். "அவ்ளோதானே? கழுவிட்டாப் போச்சு. பொம்பளைங்கள்லாம் கீறாங்களே."

முடிந்தது கதை. அடுத்த நாளே ஊர்ப் பெண்கள் மணல் கழுவ உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இரண்டு கிணற்றில் அடியில் கொஞ்சம் ஊறும். ஏரியில் வலை போட எப்படி முறை வைத்து இறங்குவார்களோ, அப்படித்தான் அந்தத் தண்ணீருக்கும் வீட்டுக்கு வீடு முறை. அந்த முறைத் தண்ணீரை, குடிக்க வைத்திருந்ததை, ஒவ்வொருத்தியும் இரண்டு குடம் மூன்று குடமென்று அம்மனுக்காகக் கொண்டுவந்து ஊற்றினாள். ஒரு கர்ப்பிணிப் பெண் அரைக் குடம் கொண்டுவந்து, மீதி நாளைக்குத் தருகிறேன் என்று வெட்கப்பட்டாள். நெத்திலி காயப்போடும் தார்ப்பாயை விரித்தார்கள். மணலை டப்பில் கொட்டி, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, வலைத்துணியில் வடித்து, வெயிலில் பரப்பினார்கள். உப்பு போய்விட்டதா என்று பார்ப்பது அண்ணியின் வேலை. கருவாட்டுக்கு உப்பு பார்த்துப் பழகிய நாக்கு அவளுடையது. ஒரு சிட்டிகை மணலை நாக்கு நுனியில் வைப்பாள், கண்ணை மூடுவாள், துப்புவாள்.

"இன்னும் கீது. இன்னொரு தண்ணி உடு."

நானும் உட்கார்ந்து கழுவினேன். பிறந்த வீட்டுப் பெண் உட்காராமல் இருக்க முடியுமா? முதல் நாள் இரவு அவரிடம் சண்டை பிடித்தேன். தொப்பி இருக்கிறதே என்றார். இரண்டே மணி நேர வேலை என்றார். "சூலத்தைப் பேத்துகினு பட்டறைக்கா கொண்டாரப் போற? ஊரு நடுவுல நின்னு அடிக்கப் போற. உனக்குத் தொப்பி கீது. எதிர் வூட்டுல தொட்டில்ல கெடக்கற கொழந்தைக்கு?" என்று கேட்டேன். காற்று கடல் பக்கம் திரும்பும் நேரமாகப் பார்த்து அடிக்கிறேன் என்றார். அவருக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஊர் கூடி முதல்முறையாக ஒரு வேலையைக் கையில் கொடுத்திருக்கிறது, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பார்? எனக்கு அவர்மேல் ஆத்திரமும் பாவமும் ஒன்றாக வந்தன. பாவம் அதிகமாக வந்ததால் ஆத்திரமும் அதிகமானது.

மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரம். அண்ணி என் டப்பிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"போச்சுமே உப்பு! சக்கரை மாதிரி கீது. இனிமே உங்க வூட்டுக்காரரு ஜோரா அடிக்கலாம்."

நான் அந்த டப்பைக் கவிழ்த்துவிட்டேன். வேண்டுமென்று யோசித்துச் செய்யவில்லை. கை போனது, டப் கவிழ்ந்தது. கழுவிய மணலில் ஒரு டப் பழைய மணலோடு கலந்து போனது. பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"இன்னாமே பண்ற? ஆத்தா மண்ணு!"

"ஆத்தா மண்ணுதான்" என்றேன். "உப்பக் கழுவிட்ட, அண்ணி. இதுல கெடக்கற தூளக் கழுவ முடியுமா? இந்தத் தூளு அவரு நெஞ்சுல குந்திக்கினு கீது. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். அந்த ஷெட்டுல முழுங்கனது. மருந்தே இல்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இன்னொரு வாட்டி உள்ள போனா நான் தாலிய கழட்டி வச்சிட்டுப் போவ வேண்டியதுதான்."

சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பு லேசானது. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது, இரண்டு வருடச் சுமை இறங்கியது போல. ஒரு நிமிடம்கூட அது நீடிக்கவில்லை.

அண்ணியின் கை ஈரமாக அப்படியே நின்றது. அவள் என் கணவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப உங்கண்ணனுக்கு?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று எழுதுவதுகூடத் தப்பு. மறந்திருந்தால்தானே ஞாபகம் வர? ஆஸ்பத்திரியில் படத்தை உறையில் போட்டுக் கொடுக்கும்போது டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். உங்களோடு எத்தனை பேர் அந்த ஷெட்டில் வேலை செய்தார்கள்? எல்லோரையும் ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். இவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். வெளியே வந்து தாழ்வாரத்தில் சத்தியம் வாங்கியபோது, அந்தத் தலையாட்டலும் சேர்ந்து புதைந்து போனது. ஒருவருக்குச் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணன் இருமினால் பீடி என்று நான்தான் அவனைத் திட்டுவேன். திட்டும்போது உள்ளே எங்கேயோ ஒன்று உறுத்தும், இன்னும் சத்தமாகத் திட்டுவேன். என் வாய் பெரிது என்று ஊர் சொல்கிறது. சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கும் அந்த வாயைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

அண்ணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணனைத் தேடிப் போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள்.

மாலையில் என் கணவர் காம்ப்ரசரைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியபோது, கரையில் ஊரே நின்றது. மாலை மரியாதைக்கு நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, படகின் விளிம்பை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்று பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"சத்தியம் பண்ணியேமே" என்று மட்டும் சொன்னார்.

தலைவர் முன்னால் வந்தார். "ஏன்டா சொல்லல?"

"மாப்ளேன்னு கூப்டீங்க நைனா. சீக்காளின்னு கூப்புட வேணான்னுதான்."

தலைவருக்கு வயது எழுபதுக்கு மேல். கடலுக்கு இரண்டு மகன்களை அனுப்பிவிட்டுக் கரையில் நின்று பழகியவர். அவர் என் கணவரின் தோளில் கை வைத்து, "சீக்காளின்னா மாப்ளே இல்லன்னு ஆயிடுமாடா? எந்த மண்ணு ஆத்தாவுக்கு ஆவும், எது ஆவாதுன்னு நீ சொல்லு, நான் கேக்கறேன். கசடாவே இருந்தாலும் செரி" என்றார். தார்ப்பாயில் மீதியிருந்த கழுவிய மணலைப் பெண்கள் கோவிலைச் சுற்றிப் பரப்பிவிட்டார்கள். அரைக் குடம் கொண்டுவந்த பெண் மட்டும் என்னிடம் வந்து, மொதல்லியே சொல்லியிருந்தா இந்தத் தண்ணியில ரெண்டு நாளு குளிச்சிருப்பேனே அக்கா என்று சிரித்தாள். அவள் சிரிப்புக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அண்ணன் எல்லோரும் பேசி முடிக்கும்வரை ஓரமாக நின்றான். கடைசியாக வந்து, "மச்சான், நாளிக்கி மொத பஸ்ஸுக்குப் போனா மீஞ்சூர்ல ரயிலப் புடிச்சிடலாமா?" என்று கேட்டான். ஏதோ சினிமாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி.

நாலு பேரும் போனோம். ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்களும் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று ஒருவர் தொந்தியை ஒருவர் கிண்டல் செய்தார்கள். நானும் அண்ணியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. பிற்பகலில் படம் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டினார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே மாதிரியான படத்தை நான் இரண்டு வருடம் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தவள். அண்ணனுக்கும் இருந்தது. என் கணவருக்கு இருப்பதைவிட அதிகமாக இருந்தது.

"எல்லாத்துலயும் நான்தான் மச்சான் முந்தி" என்றான் அண்ணன்.

நான் தாழ்வாரத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் என் தலையில் குட்டி, "நீ முன்னாடியே சொல்லியிருந்தா மட்டும் கரைஞ்சிருக்குமா? உடுமே. ரெண்டு வருஷம் நிம்மதியா தூங்கிக்கினேன்னு வச்சிக்க" என்றான். என் அண்ணன் அப்படிப்பட்டவன். அண்ணி படத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும் ரயிலில், எண்ணூர் தாண்டியதும், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"ரெண்டு வருஷம்மே. தெனம் ரெண்டு கட்டு பீடி."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சூலத்தின் வேலை நல்லபடியாக முடிந்தது. கார்னெட்தான். என் கணவர் யார்டில் தனக்குத் தெரிந்த ஒருவரை, நல்ல தொப்பி வைத்திருப்பவரை, வரவழைத்தார். வெளியாள் கை படக் கூடாது என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. காலை முழுக்க ஊரே ஏரிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது, சுற்றிலும் ஈரத் தார்ப்பாய் கட்டினோம். என் கணவர் காற்று வருகிற பக்கம் தூரத்தில் நின்று, கிட்டப் பிடி, சாய்த்துப் பிடி என்று கையாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். நாசிலைப் பிடிக்க முடியாமல் அவர் விரல்கள் மூடி மூடித் திறந்ததை நான் மட்டும் பார்த்தேன். எல்லாம் உரிந்ததும் சூலம் மெலிந்து, சாம்பல் நிறத்தில், புதிதாக நின்றது. இவ்வளவு ஒல்லியாகவா இருந்தாள் என்று தலைவர் கேட்டார். வெயில் இறங்குவதற்குள் முதல் கோட்டு அடித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் பட்டறைக்கு வந்தான். அன்றைக்குப் பீடியை விட்டு எட்டு நாள், கை சும்மா இருக்க முடியாமல் ஒரு நூல்கண்டைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தான். நாங்கள் யாரும் சொல்லாமலே இவர் தன் போனை எடுத்தார். ஊரில் ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிய மனிதர்தான். பதினோரு பேரில் இவர்கள் இரண்டு பேர் போக ஒன்பது பேர். அண்ணன் ஒவ்வொருவர் பெயராக ஞாபகப்படுத்தினான், இவர் எண்ணைத் தேடினார், இல்லாத எண்ணை இன்னொருவரிடம் கேட்டு வாங்கினார். ஒவ்வொருவரிடமும் முதலில் தன்னைப் பற்றிச் சொன்னார். எனக்கு நெஞ்சில் மணல் தூள் சேர்ந்துவிட்டது, மச்சானுக்கும்தான், நீயும் போய் ஒரு படம் எடுத்துக்கொள், பீடி குடித்தால் இன்றைக்கே விடு. அதே வாக்கியங்கள், அதே வரிசை. முதல் மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் சிரித்தார், ஒருவர் பயந்தார், ஒருவர் எந்த ஆஸ்பத்திரி என்று எழுதிக்கொண்டார். நான்காவது எண் அணைந்திருந்தது.

ஐந்தாவது எண்ணை ஒரு பெண் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. இவர் அவள் கணவரின் பெயரைச் சொல்லி, பழைய ஷெட்டு சிநேகிதன் பேசுகிறேன் என்றார்.

"அவரு இல்லீங்களே" என்றாள். "போயி எட்டு மாசம் ஆவுது. டிபின்னு சொல்லி மாத்தி மாத்தி மருந்து குடுத்தாங்க. கடசி வரிக்கும் கேக்கவே இல்ல. இன்னா ஏதுன்னும் தெரியல. நீங்க இன்னா விஷயமா பேசுனீங்க?"

அண்ணன் கையில் நூல்கண்டு நின்றுவிட்டது. "ஹலோ, கேக்குதுங்களா?" என்று அவள் இரண்டாவது தடவை கேட்டாள். இவர் போனை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். "அக்கா" என்றேன், "இத நாங்க உங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்."